கியூ வீதியும் நாகதாளியும்

கொழும்பு மாநகரின் கொம்பனித்தெருப் பகுதியிலே கியூ வீதி என்னும் பெயருடைய வீதி ஒன்று உண்டு. சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் அவ்வீதியில் அமைந்திருத்தலின் தமிழ் மக்களுக்கு அப்பெயர் பழகியதொன்றே. ஆயினும் 'கியூ' என்பது தமிழ்ச் சொல்லுமன்று, சிங்களச் சொல்லுமன்று, மலாய்ச் சொல்லுமன்று. இலண்டன் நகருக்கு மேற்கே, தேம்சு நதிக்கரையிலுள்ள கியூ அரச தாவரவியற் பூங்காவின் பெயரே இங்கு வந்து நிலைத்தது. ஒரு காலத்தில் கொம்பனித்தெருவிலும் ஒரு கியூ இருந்தது. இலங்கையின் அரச தாவரவியற் பூங்காக்களின் வரலாறு அங்குதான் தொடங்குகின்றது. அப்பூங்கா மறைந்தது, வீதியின் பெயர் மட்டும் எஞ்சியது. அதனைத் தோற்றுவித்த அதே எண்ணம் பாலைநிலச் செடியொன்றைத் தமிழர் வாழும் நிலங்களுக்குக் கொணர்ந்த வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. நாகதாளி எனவும் சப்பாத்துக்கள்ளி எனவும் வழங்கும் அச்செடி இன்று கொழும்பு வீடுகளின் பூச்சாடிகளில் அழகுக்காக வளர்கின்றது. அது வந்த வழியை ஆராயுமிடத்து, ஒரு தாவரத்தை இடம்பெயர்த்தல் என்பது எத்தகைய செயல் என்பது புலனாகும்.

கொம்பனித்தெருவின் நிலவியல்பை முதற்கண் நோக்குதல் வேண்டும். பேரை வாவியின் நீர் சூழ்ந்த தாழ்நிலம் அது. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இராக்காலத்தில் அங்கே அடைத்து வைத்தனர். தப்பியோட முனைவோரை நீரே தடுத்தது. வாவியில் முதலைகளும் விடப்பட்டிருந்தன என்பது வழிவழி வந்த செய்தி. 'அடிமைத்தீவு' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர் இவ்வாறு தோன்றியது. தமிழரும் சிங்களவரும் அப்பெயரை மொழிபெயர்த்து வழங்காது, கொம்பனியின் பெயராலேயே அவ்விடத்தை அழைத்தனர் என்பது கருதற்பாலது. ஆங்கில வழக்கிலும் அடிமைப் பெயரை விலக்கிக் கொம்பனித்தெரு என்பதையே ஆளுதல் வேண்டுமென்ற அரசாங்கத்தின் பணிப்பு 2022ஆம் ஆண்டில்தான் வந்தது.

1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கொழும்பு ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. அதனைக் கைப்பற்றியது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனியின் படை. படை வந்தது சென்னையிலிருந்து. 1798 வரை இலங்கையின் கரையோர மாகாணங்கள் சென்னையிலிருந்தே ஆளப்பட்டன. 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. புதிதாகக் கிடைத்த நாட்டில் என்னென்ன விளையும், எதனை விற்கலாம் என்னும் கேள்விகள் ஆட்சியாளரிடம் எழுந்தமை இயல்பே. அக்கேள்விகளுக்கு விடை தேடும் நிலையங்களாகவே அக்காலத்துத் தாவரவியற் பூங்காக்கள் அமைந்தன. இன்றைய உல்லாசப் பூங்காவை மனத்திற்கொண்டு அவற்றை எண்ணுதல் தவறு. கறுவா, பருத்தி, சாயப்பொருள், மருந்து ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கும் பண்ணைகள் அவை.

இத்தகைய பூங்காக்களை உலகெங்கும் ஒரு வலையாகப் பின்னியவர் சேர் யோசப் பாங்சு. கப்பித்தான் குக்கின் முதலாவது உலகப் பயணத்தில் உடன் சென்றவர். பின்னர் இலண்டன் அரச கழகத்தின் தலைவராக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வீற்றிருந்தவர். கியூ பூங்காவின் அறிவிக்கப்படாத அதிபதி. அவரது ஆலோசனையின் பேரில் 1810ஆம் ஆண்டிற் கொம்பனித்தெருவிலே பூங்கா ஒன்று நிறுவப்பட்டு, அதற்குக் கியூ என்றே பெயரிடப்பட்டது. அதனைப் பொறுப்பேற்க 1812இல் வந்தவர் வில்லியம் கெர். கியூவின் தோட்டக்காரராக இருந்து, 1803இற் சீனத்துக் கன்ரன் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து அரிய செடிகளைத் தேர்ந்து கியூவுக்கு அனுப்பிய உழைப்பாளி அவர். மஞ்சட் பூப் பூக்கும் கெரியா என்னும் செடி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பாங்சின் மனைவியார் பெயரால் வழங்கும் கொடிரோசாவை அனுப்பியவரும் அவரே.

ஆனால் வாவிக்கரைத் தாழ்நிலம் அவருக்கு வாய்ப்பாக அமையவில்லை. பயிரிடுதற்கு இன்னும் பரந்த நிலம் வேண்டுமெனக் கருதி 1813இற் பூங்கா களுத்துறைக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டே கெர் இறந்தார். பின்னர் பொறுப்பேற்ற அலெக்சாந்தர் மூன், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி ஆறு ஆண்டுகள் கழிந்த பின், 1821இற் பேராதனையில் மகாவலி வளைந்தோடும் நிலத்தைத் தெரிந்தெடுத்துக் களுத்துறைச் செடிகளிற் பெரும்பாலானவற்றை அங்கு கொண்டு சென்றார். 1824இல் அவர் வெளியிட்ட தாவர அட்டவணை, இலங்கையிற் சுயமாக வளர்வனவற்றையும் பிற நாட்டிலிருந்து வந்தனவற்றையும் வேறுபடுத்திக் காட்டியது. ஒரு செடி இந்நாட்டதா, வந்ததா என்னும் வினா அச்சில் ஏறியமை சிறிய செய்தியன்று.

கொம்பனித்தெருக் கியூவின் ஆயுள் மூன்று ஆண்டுகளே. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பாங்சின் கை சென்னையில் வேறொரு தோட்டத்தை உருவாக்கியிருந்தது. அத்தோட்டத்தின் பயிர் நாகதாளி.

நாகதாளிக்கும் வணிகத்துக்கும் என்ன தொடர்பு என்னும் ஐயம் எழலாம். தொடர்பு செடியிலன்று, அதனை உண்ணும் பூச்சியில் உள்ளது. மெக்சிக்கோ நாட்டினர் நொப்பால் எனப்படும் கள்ளியின் தட்டைத் தண்டுகளில் ஒருவகைச் செதிற்பூச்சியை வளர்த்து, பெண் பூச்சிகளைத் துடைத்தெடுத்து உலர்த்தி, அவற்றிலிருந்து செஞ்சாயம் எடுத்தனர். கொச்சினீல் என்பது அதன் பெயர். ஓர் இறாத்தல் உலர்ந்த கொச்சினீலில் ஏறத்தாழ 70,000 பூச்சிகள் அடங்கும். கம்பளிக்கும் பட்டுக்கும் அதனை நிகர்த்த செந்நிறம் அக்கால ஐரோப்பாவிற் பிறிதில்லை. ஆங்கிலப் படையதிகாரிகளின் செவ்வங்கி அச்சாயந் தோய்ந்தது. மெக்சிக்கோவை ஆண்ட இசுப்பானியர் அதனைத் தம் தனியுரிமையாகக் காத்து, உயிர்ப்பூச்சி நாட்டை விட்டு வெளியேறாதவாறு பார்த்துக்கொண்டனர். 1777இற் பிரெஞ்சுக்காரராகிய தியரி த மெனொன்வீல் ஒஃகாக்கா நகருக்கு மாறுவேடத்திற் சென்றவர்போற் சென்று, பூச்சியையும் செடியையும் களவாகக் கொணர்ந்தார் என்பது கொச்சினீலின் விலையை உணர்த்தும்.

செஞ்சாயம் தமிழ்நிலங்களுக்குப் புதியதன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டியெடுக்கப்பட்ட சாயவேர் சோழமண்டலக் கரையின் துணிகளைச் சிவப்பாக்கியது. ஒல்லாந்தர் அதனைத் தம் வருவாய்களில் ஒன்றாகவே வைத்திருந்தனர். ஆயினும் சாயவேர் பருத்திக்கு உரியது. இலண்டன் கம்பளி வணிகர் வேண்டியது கொச்சினீல்.

1786ஆம் ஆண்டிற் சென்னையிலிருந்த கொம்பனியின் மருத்துவர் யேம்சு அண்டர்சன், நகருக்கு அண்மையில் ஒரு பூச்சியைக் கண்டு, அது கொச்சினீலே எனக் களிப்புற்றுப் பாங்சுக்கு மடல்கள் வரைந்தார். அது உண்மைக் கொச்சினீல் அன்று. ஆனால் அவர் எழுப்பிய ஆசை அணையவில்லை. கியூவிலிருந்து நொப்பால் கன்றுகள் சென்னைக்கு அனுப்பப்பட்டன. சைதாப்பேட்டையில் நொப்பால் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டு, அண்டர்சனின் மருமகனாராகிய அந்திரு பெரியின் கண்காணிப்பில் விடப்பட்டது. பூச்சி வருமுன்னரே பூச்சிக்குரிய உணவு நாடெங்கும் நடப்படலாயிற்று. வந்த விருந்தாளிக்கன்றி, வரவிருக்கும் விருந்தாளிக்காக உலை வைத்த கதையே இது.

விருந்தாளியும் வந்தான், ஆள்தான் மாறியிருந்தான். 1795இல் நீல்சன் என்னும் கப்பித்தான் பிரேசில் நாட்டு இரியோ த செனெய்ரோத் துறைமுகத்திற் சில கள்ளித் தண்டுகளைப் பூச்சிகளோடு பெற்றுக் கல்கத்தாவிற் சேர்த்தார். அங்கிருந்து அப்பூச்சி சென்னைக்கு வந்தது. அது மெக்சிக்கோவில் மனிதர் பேணி வளர்த்த இனமன்று, தென்னமெரிக்கக் காட்டினம். உடல் சிறிது, பஞ்சுபோன்ற மெழுகு உடலை மூடியிருக்கும், சாயம் குறைவு. சந்தையில் மெக்சிக்கோச் சரக்கோடு அது போட்டியிட இயலவில்லை. ஆனால் அதன் பசிக்குக் குறைவில்லை. சாயத்துக்காக நட்ட செடிகளை அது தின்றழித்தது. கொம்பனியின் கணக்கேட்டில் இது தோல்வி. தாவரவியல் வரலாற்றில் இது வேறொன்றின் தொடக்கம்.

அதனை விளக்கும் முன் செடியின் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும். 'கள்ளி' என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. சங்கச் செய்யுள்களிற் பாலைநிலத்தும் சுடுகாட்டிலும் கள்ளி நிற்கின்றது. ஆனால் சங்கப் புலவர் கண்ட கள்ளி நாகதாளி அன்று. அமெரிக்கக் கண்டம் அறியப்படுவதற்கு முன் நாகதாளி தமிழகத்தில் இருந்திருத்தல் இயலாது. பழந்தமிழர் கண்டது சதுரக்கள்ளி முதலான பாற்கள்ளிகள். ஒடித்தாற் பால் வடியின் அது நம் நிலத்துப் பழங்கள்ளி. நீர்த்த பசை மட்டும் கசியின் அது கடல் கடந்து வந்தது. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். வறட்சி என்னும் ஒரே ஆசிரியரிடம் பயின்றமையால் உருவில் ஒத்தன. நாகதாளிக் குடும்பத்தில் மனிதர் உதவியின்றிப் பழைய உலகில் வாழ்வது ஒரேயொரு இனமே. மரக்கிளைகளிற் கயிறுபோலத் தொங்கும் அது இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் உண்டு. அதற்கு முள்ளும் இல்லை, பாலைநிலமும் வேண்டுவதில்லை.

நாகதாளியின் பச்சைத் தட்டுகளை மக்கள் இலையெனக் கருதுவர். அவை தண்டுகளே. இலைகள் முளைத்த சின்னாளில் உதிர்ந்துவிடும். ஏனைய செடிகள் பகலில் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கையில் நீரை ஆவியாக இழக்கின்றன. நாகதாளியோ பகலில் வாயை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து, உள்ளெடுத்த வாயுவை அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகின்றது. தண்டு நீர்க்களஞ்சியம். வெட்டி எறியப்பட்ட தட்டு ஒன்று மண்ணிற் கிடந்தாற் போதும், வேர் விடும். வறண்ட நாட்டில் இதனை நட்டவர் மீண்டும் நீரூற்ற வேண்டுவதில்லை. ஒழிக்க நினைத்தவர் வெட்டி எறிந்தே பெருக்கினர்.

எனவே சாயச்செடி வேலிச்செடியாயிற்று. ஆடுமாடு நுழையா, திருடன் நுழையான், பனையோலை வேலிபோல ஆண்டுதோறும் மாற்றியடைக்கும் செலவில்லை. வட இந்தியாவில் உப்பு வரிக்காக ஆங்கிலேயர் நாட்டின் குறுக்கே வளர்த்த நெடிய சுங்கவேலியிலும் நாகதாளிக்கு இடமிருந்தது. அவ்வேலி 1879இற் கைவிடப்பட்டது. ஆனால் வேலி என்பது எல்லையில் நிற்கும்வரைதான் வேலி. பறவைகள் செம்பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. மேய்ச்சல் நிலமும் ஊர்ப்பொது நிலமும் நாகதாளிப் புதராயின. பஞ்சகாலத்தில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்கு இட்டதுமுண்டு. ஏனைய காலத்தில் அது பயிரிடுவோனுக்கு முள்ளும் பாம்புப்புற்றுமே. இதனைக் கொணர்ந்தோர் கணக்கை மூடிக்கொண்டு சென்றுவிட்டனர். நிலத்தை இழந்தோர் கணக்கு எவ்வேட்டிலும் ஏறவில்லை.

இந்நிலையிலேதான் சென்னைத் தோட்டத்தை அழித்த பூச்சி நினைவுக்கு வந்தது. 1836 முதல் 1838 வரையான காலத்தில் அது வேண்டுமென்றே தென்னிந்தியாவிற் பரப்பப்பட்டது. சாயத்துக்கன்று, செடியைக் கொல்வதற்கு. 1865ஆம் ஆண்டளவில் அதே நோக்குடன் அது இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்டது. களைச்செடி ஒன்றை அழிப்பதற்கு அதன் இயற்கைப் பகையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மனிதர் எண்ணித் துணிந்து கொண்டுசென்ற முதற் செயல்களில் இது ஒன்றாக அறிவியலாளராற் போற்றப்படுகின்றது. இன்று உலகெங்கும் பயிலப்படும் உயிரியற் கட்டுப்பாடு என்னும் துறையின் தொடக்கவுரையில் இலங்கையின் பெயர் இடம்பெறுவது இதனாலேயே.

செயல் பாதியளவே வென்றது. அப்பூச்சி ஓரினக் கள்ளியையே உண்ணும். பிரேசில் பக்கத்திலிருந்து வந்த உயர்ந்த கள்ளியினம் அதனால் மறைந்தது. கரிபியன் கரையைச் சேர்ந்த, மஞ்சள் முள்ளுடைய நாகதாளியை அது தொடவும் இல்லை. காரணம் எளிது. பூச்சியும் அது தின்ற செடியும் ஒரே தாய்நாட்டின. எஞ்சிய செடி வேற்று நாட்டது. பகை கூட நாடறிந்தே செல்கின்றது போலும்.

1896இல் இலங்கையின் பூச்சியியல் அறிஞர் ஏனெசுற்று கிறீன் இப்பூச்சியை ஆராய்ந்து அறிவியற் பெயர் சூட்டுகையில் 'செய்லோனிக்கசு', அதாவது இலங்கைக்குரியது, என்று பெயரிட்டார். தென்னமெரிக்காவிற் பிறந்து, கல்கத்தாவில் இறங்கி, சென்னையிற் பெருத்து, கொழும்புக்கு வந்த பூச்சிக்கு இலங்கைக் குடியுரிமை இவ்வாறு கிடைத்தது. மக்களுக்குக் குடியுரிமை வழங்குவதில் இத்தீவு பின்னாளில் இத்துணைத் தாராளம் காட்டவில்லை. அது வேறு கதை.

பின்னர் அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலம் நாகதாளியாற் பெரும் நிலப்பரப்பை இழந்து தவித்தபோது, பகைப்பூச்சி தேடி உலகைச் சுற்றிய ஆய்வாளர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தனர். 1913, 1914ஆம் ஆண்டுகளிற் செய்லோனிக்கசு தென்னாபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்று அங்கும் தன் இரையைத் தின்று தீர்த்தது. கடன் திரும்பியும் வந்தது. வட அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு கொச்சினீல் இனம் 1924இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்குக் கொணரப்பட்டது. வறண்ட வலயத்து மஞ்சள் முள் நாகதாளியை இது கைப்பற்றியது. 1926இல் அதே பூச்சி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குச் செல்ல, சில ஆண்டுகளில் அங்குப் பெரும் பரப்புகள் நாகதாளியினின்று விடுபட்டன. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எப்பூச்சிக்காக எச்செடி நடப்பட்டதோ, அப்பூச்சியின் உறவினமே அச்செடியின் உறவினத்தை அழித்தது. சாயம் எடுப்பதற்கு எவரும் அப்போது எண்ணவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய செயற்கைச் சாயங்கள் கொச்சினீல் வணிகத்தை ஏற்கெனவே வீழ்த்தியிருந்தன.

இவ்வளவுக்கும் பின்னரும் நாகதாளி தென்கரையில் இருக்கின்றது. அம்பாந்தோட்டை மாவட்டத்தின் புந்தல தேசிய பூங்கா, இலங்கையின் முதலாவது இராம்சார் ஈரநிலமாக 1990இற் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கு இன்று நாகதாளியும் சீமைக் கருவேலும் மேய்ச்சல் வெளிகளை நெருக்கி வளர்கின்றன. ஆட்களைக் கொண்டு வெட்டியகற்றும் பணி நடைபெற்று வருகின்றது. அதே மாவட்டத்தின் மிரிஜ்ஜவிலவில், கொம்பனித்தெருக் கியூவின் வழிவந்த தேசிய தாவரவியற் பூங்காக்கள் திணைக்களம் வறண்ட வலயத்துக்கென ஒரு பூங்காவை 2013இல் திறந்துவைத்தது. வாவிக்கரைச் சேற்றில் தொடங்கிய நிறுவனம் வெயில் நிலத்தை அடைவதற்கு இருநூறு ஆண்டுகள் சென்றன.

கொம்பனித்தெருவில் இச்செடி புதராக ஒருபோதும் பெருகுவதற்கில்லை. கொழும்பின் ஆண்டு மழைவீழ்ச்சி 2,300 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. யாழ்ப்பாணத்தின் மழை அதிற் பாதியளவே. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்து ஓய்வது. மழையன்று, தேங்கும் நீரே நாகதாளியின் பகை. வேரடியில் இரண்டு கிழமை நீர் நின்றால் தண்டின் அடி கறுத்து அழுகும். ஆகவே கொழும்பில் இதனை வீட்டிலே வளர்க்க விரும்புவோர் நிலத்தில் நடுவதில்லை. அடியில் துளையிட்ட மட்சாடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, ஆற்றுமணலும் சிறு கற்களும் மிகுதியாகவும் மண் குறைவாகவும் கலந்து இடுவர். முற்றிய தட்டு ஒன்றைக் கணுவில் அறுத்து, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும்வரை ஒரு கிழமையேனும் நிழலில் வைத்து, பின்னரே மணலில் ஊன்றுவர். வேர் பிடிக்கும்வரை நீர் வார்த்தலாகாது. பழகாதவர் இரக்கத்தினால் நீர் வார்த்தே இதனைக் கொல்கின்றனர். பெரிய முள்ளைவிட அதன் அடியிலுள்ள மயிர்போன்ற நுண்முட்களே கொடியன. கையிற் பட்டாற் கண்ணுக்குத் தெரியா, நாட்கணக்கில் உறுத்தும். குழந்தைகள் நடமாடும் படிக்கட்டில் இதனை வைத்தல் ஆகாது.

கொம்பனித்தெருவின் பழைய வரிசை வீடுகள் பல 2010ஆம் ஆண்டின் பின் இடிக்கப்பட்டன. அவற்றிற் குடியிருந்தோர் பலர் மாடிக் குடியிருப்புகளுக்குச் சென்றனர். முற்றமுமில்லை, கிணற்றடியுமில்லை. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நாள்தோறும் நீர் தூக்க வேண்டும். கள்ளிச் சாடிக்கு அது வேண்டுவதில்லை. தோட்டம் இழந்தோரின் பலகணியில் அதற்கு இடம் கிடைத்தமைக்கு இதுவே காரணம். பேராதனைப் பூங்காவிற் கள்ளிச் செடிகளுக்கெனத் தனி மனை ஒன்று உண்டு. வெயிலை உள்ளே விட்டு மழையை வெளியே நிறுத்துவதே அதன் கண்ணாடிக் கூரையின் தொழில். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகையில், மாடி வீட்டுப் பெண்கள் நாகதாளிச் சாடியைத் தூவானம் படாதவாறு சுவரோரம் நகர்த்தி வைக்கின்றனர்.